காற்றுக்கும் வழி விடுங்கள்!



பயணக் கட்டுரை என்றால் கண்ட இடங்களின் அழகை வர்ணிப்பது மரபு. நானோ ஒரு பெட்ரோல் பங்கில் நின்ற கதையைச் சொல்லப் போகின்றேன். அந்த இடத்தில் என் குடும்பத்திற்கு நேர்ந்திருக்கக்கூடிய விபரீதத்தை இன்று எண்ணினாலும் உடல் நடுங்குகின்றது. வாகனம் வைத்திருக்கும் எவருக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு என்பதாலேயே எழுதத் துணிந்தேன்.

பிழைப்பின் பொருட்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பல்லாண்டுகளாக வசித்து வருகின்றேன். 2022ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், மனைவியையும் பதினைந்து வயது மகளையும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்வதற்காகப் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கினேன். நம் ஊரில் அதிகம் காணக் கிடைக்காத வாகனம் அது. வெளியே பார்த்தால் சிறிய பேருந்து. உள்ளே படுக்கை, சமையல் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை எல்லாம் அடங்கிய ஒரு குட்டி வீடு. அந்தக் குளிர்பதனப் பெட்டி மின்சாரம் இல்லாத இடங்களில் கேஸில் இயங்கும். அதாவது, அதனுள்ளே ஒரு சிறு தீச்சுடர் இடைவிடாது எரிந்துகொண்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பெட்ரோல் தொட்டி 55 கேலன் கொள்ளும். நம் கணக்கில் ஏறத்தாழ 208 லிட்டர். அமெரிக்கப் பங்குகளில் நிமிடத்திற்கு 10 கேலனுக்கு மேல் பெட்ரோல் பாயக்கூடாது என்பது சட்டம். அந்த உச்ச வேகத்தில் பாய்ந்தால் வெற்றுத் தொட்டியும் ஆறு நிமிடங்களுக்குள் நிறைந்துவிட வேண்டும். எங்கள் வண்டியோ அமரில்லோ நகரில் முதன்முறை நிரப்பியபோதே முரண்டு பிடித்தது. நாசிலின் பிடியை அழுத்தினால் இரண்டு விநாடி பாயும். ‘டக்’ என்று நின்றுவிடும். மீண்டும் அழுத்தினால் மீண்டும் ‘டக்’. பம்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அரைத் தொட்டியுடன் புறப்பட்டுவிட்டேன்.

நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் சாண்டா ரோஸாவிலும் அதே கதைதான். உச்சி வெயில். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அருகில் நின்ற மகள், “வாப்பா, திரும்பத் திரும்ப நிற்கிறதென்றால் ஏதோ காரணம் இருக்கும். போதும், விட்டுவிடலாமே” என்றாள். “உனக்கு என்ன தெரியும்? பேசாமல் நில்!” என்று அதட்டினேன்.

நாசிலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் நிற்காமல் பாயும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அப்படியே திருப்பி, சற்று வெளியே இழுத்து, முழு வேகத்தில் அழுத்தினேன். ‘டக்’ சத்தம் நின்றது. வென்றுவிட்டதாக மகிழ்ந்தேன். அடுத்த சில விநாடிகளில் தொட்டிக்குள்ளிருந்து ஒரு குமுறல் கேட்டது. நிரப்பு வாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வெளியே அடித்தது. என் கைகளும், மகளின் சட்டைக் கையும் தோளும் நனைந்தன. தரையிலும் பரவியது.

“குளிர்பதனப் பெட்டியில் கேஸ் எரிகிறதே!” என்று என் மனைவி அலறியபோதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. சுடர் எரியும் பெட்டியின் காற்றுத் துளைகள் நாங்கள் நின்ற பக்கமே, நாலைந்து அடி தூரத்தில் இருந்தன. பங்கிற்குள் நுழையுமுன் கேஸை அடைத்துச் சுடரை அணைத்திருக்க வேண்டும் என்பது வாகனக் கையேட்டில் உள்ள கட்டளை. நான் அதை மறந்திருந்தேன். ஓடிச்சென்று வெளிப்புறமிருந்த சிலிண்டர் வால்வை அடைத்தேன். பங்கின் ஊழியர் ஓடிவந்து, சிந்திய பெட்ரோலை உறிஞ்சும் துகள்களைக் கொட்டினார். மகளை வண்டிக்குள் விடாமல், கடையின் கழிவறைக்கு அழைத்துச் சென்று என் மனைவி உடை மாற்றிவிட்டாள். இறையருளால் ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனால், மகள் அன்றிரவு வரை என்னுடன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ‘டக்’ என்ன சொல்கின்றது என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன். நாசிலின் முனையில் ஒரு சிறு துளை இருக்கின்றது. பெட்ரோல் பாயும் வேகத்தினால் அத்துளை வழியே காற்று உள்ளிழுக்கப்படுகின்றது. பெட்ரோல் மேலேறி அத்துளையை மூடிவிட்டால் காற்று கிடைக்காது. உள்ளே வெற்றிடம் உண்டாகும். அது ஒரு மெல்லிய தகட்டை இழுக்க, பிடி விடுபட்டுப் பாய்ச்சல் நின்றுவிடும். மின்சாரம் எதுவும் இதில் இல்லை. “தொட்டி நிறைந்துவிட்டது” என்பதே அதன் வழக்கமான செய்தி. தொட்டி காலியாக இருக்கும்போதே அது நின்றால், “பெட்ரோல் உள்ளே இறங்காமல் குழாயிலேயே தேங்குகின்றது” என்று பொருள். நாசிலைத் தலைகீழாகத் திருப்பியதன் மூலம் நான் கோளாறைச் சரிசெய்யவில்லை. எச்சரித்த வாயைத்தான் அடைத்தேன்.

மறுநாள் ஆல்புகர்க்கி நகரில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “பெட்ரோல் உள்ளே போக வேண்டுமானால் காற்று வெளியே வர வேண்டும். உங்கள் தொட்டியில் காற்று வர வழியில்லை” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு என் உம்மா நினைவுக்கு வந்தார்கள். ரேஷன் மண்ணெண்ணெயைப் புனல் வைத்துப் பாட்டிலில் ஊற்றும்போது, புனல் பாட்டிலின் கழுத்தில் இறுகிவிட்டால் எண்ணெய் இறங்காது. புனலில் தேங்கி, பிறகு குமிழியிட்டு வெளியே சிந்தும். உம்மா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்துப் புனலுக்கும் கழுத்துக்கும் இடையே செருகுவார்கள். காற்று வெளியேறும், எண்ணெய் சீராக இறங்கும். சிறுவயதில் அன்றாடம் கண்ட உண்மை, நடுவயதில் எனக்கு மறந்துவிட்டது.

பெட்ரோல் வாகனத்தின் தொட்டிக்கு, நிரப்பும் பெரிய குழாயுடன், காற்று வெளியேற மெல்லிய குழாயும் உண்டு. மோட்டார் ஹோமில் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் ஒரு நிறுவனம் செய்ய, வீட்டுப் பகுதியை வேறொரு நிறுவனம் கட்டுவது வழக்கம். வீட்டுப் பகுதி அகலமானது என்பதால், பக்கச் சுவரிலுள்ள நிரப்பு வாய்க்கும் தொட்டிக்கும் இடையே நீண்ட ரப்பர் குழாய்கள் தேவைப்படும். எங்கள் வண்டியில் பெரிய குழாய் போதிய சரிவின்றித் தொய்ந்து கிடந்தது. மெல்லிய குழாயோ ஓரிடத்தில் மடிந்து நசுங்கியிருந்தது. தாழ்ந்த வளைவில் பெட்ரோல் தேங்கி மீதி வழியையும் அடைத்திருந்தது. அவர் மிகுதி நீளத்தை வெட்டி, தொடர்ச்சியான இறக்கம் இருக்குமாறு குழாய்களை உயர்த்திக் கட்டினார். அடுத்த முறை பெட்ரோல் தடையின்றிப் பாய்ந்தது.

வாசகர்களே! உங்கள் வாகனத்திலும் இத்தகைய தொல்லை இருந்தால், முதலில் வேறொரு பங்கில் நிரப்பிப் பாருங்கள். அங்கே சரியாகப் பாய்ந்தால் குற்றம் பம்பினுடையது. எங்கும் இதே நிலை என்றால், தொல்லை எப்போது தொடங்குகின்றது என்று கவனியுங்கள். நிறையும் தறுவாயில் மட்டும் என்றால் அது இயல்பு. காலித் தொட்டியிலேயே என்றால் காற்று வழியைச் சந்தேகியுங்கள். நாசிலை முழுதும் உள்ளே திணிக்காமல், குறைந்த வேகத்தில், கையாலேயே பிடித்து, கண்ணை எடுக்காமல் நிரப்பினால் அப்போதைய தேவைக்குச் சிறிது சேரும். அது தற்காலிக உபாயமே. விரைவில் மெக்கானிக்கிடம் காட்டிக் குழாய்களின் மடிப்பு, தொய்வு, உட்புற உப்பல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றில் கலக்காமல் பிடித்துவைக்க, இக்கால வாகனங்களில் கரித்தூள் நிறைந்த பெட்டி ஒன்று உண்டு. நாசில் நின்ற பிறகும் “இன்னும் கொஞ்சம்” என்று ஊற்றுவோரின் வண்டியில் பெட்ரோலே அப்பெட்டிக்குள் புகுந்து கரியை நனைத்துக் கெடுத்துவிடும். அதன் காற்று வழியைத் தூசியும் பூச்சிக் கூடுகளும் அடைப்பதுண்டு. இதை வேடிக்கை என்று எண்ண வேண்டாம். 2011ஆம் ஆண்டு மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. அக்கார்களின் காற்றுக் குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை பின்னி அடைத்துவிடக்கூடும் என்பதே காரணம்!

யாவற்றினும் முக்கியமானது பாதுகாப்பு. பங்கிற்குள் நுழையுமுன் கேஸை அடைத்து, எரியும் சுடர் அனைத்தையும் அணையுங்கள். எஞ்சினையும் ஜெனரேட்டரையும் நிறுத்துங்கள். நிரப்பும்போது பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஆல்புகர்க்கியை விட்டுப் புறப்படுமுன் மகளிடம், “நீ சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். தவறு என்னுடையது” என்றேன். அவள் சிறிது நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இனி பெட்ரோல் போடும் முன் நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்” என்றாள். சம்மதித்தேன்.

இன்றும் பங்கின் வாயிலில் வண்டி திரும்பும்போதே அவள் குரல் பின்னாலிருந்து வரும்: “கேஸ் அடைத்தாயிற்றா, வாப்பா?” அடைத்திருந்தாலும், இறங்கிச் சென்று வால்வைத் தொட்டுப் பார்த்த பின்னரே பதில் சொல்கின்றேன்.