‘போதும்’ என்றால் பகையா?

“இன்னும் கொஞ்சம்!”

கேட்க இனிக்கும் சொற்கள். அன்பைக் குழைத்துத் தரும் சொற்கள். ஆயினும் மறுக்கவொண்ணாத கட்டளையாகவும் மாறிவிட்ட சொற்கள்! பந்தியிலே அமர்ந்தவன் இலைமீது கையை விரித்துக் காட்டுகிறான். விரல் இடுக்கு வழியே சோறு விழுகிறது. தலையை அசைக்கிறான், அசைத்த தலை நிமிர்வதற்குள் இலையிலே இரண்டாவது இலட்டு இடம் பிடித்துக்கொள்கிறது. “போதும்” என்று வாய் திறந்து சொல்கிறான், “ஏன், எங்க வீட்டுச் சோறு பிடிக்கலையா?” என்று கேள்வி பிறக்கிறது. அதற்குமேல் அவன் என்ன செய்வான்? உண்கிறான். வயிறு கேட்டதற்காக அல்ல. வருத்தம் வரக்கூடாதே என்பதற்காக!

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே பள்ளியாசிரியராகப் பணியாற்றுகிறோம் நாம். ஆசிரியருக்கு வேறு எதில் பஞ்சமிருந்தாலும் அழைப்பிதழ்களில் பஞ்சமில்லை. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, திருமணம் என்று மாணவர் இல்லங்களிலிருந்து வந்தவண்ணம் இருக்கும். போகாமலிருக்க மனம் ஒப்புவதில்லை. கல்லுடைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தந்தை, “வாத்தியார் நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்” என்று ஊரிலே சொல்லிக்கொள்வதில் அடையும் பெருமிதத்தைக் கண்டவர் நாம். ஆகவே, விருந்தை வெறுப்பவர் எழுதும் கட்டுரையன்று இது. கூடி அமர்ந்து உண்பதன் சுவை அறிந்தவர் எழுதுவது.

அதிலும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது என்பது நமக்கு எளிதாகக் கிடைத்த பேறா? 1920களில் சேரன்மாதேவி குருகுலத்திலே, சிறுவர் சிலருக்குத் தனிப் பந்தி போட்ட கொடுமையை எதிர்த்துத் தமிழகமே கொந்தளித்ததே, மறக்க முடியுமா? பக்கத்து இலையில் யார் அமர்ந்தால் என்ன என்ற பண்பாட்டை ஊட்டப் பாடுபட்ட தலைமுறைகள் உண்டு. பந்தி வேண்டாம் என்று சொல்லுவோமா? மாட்டோம். பந்தியிலே அமர உரிமை வேண்டும் என்றது நேற்றைய குரல். அமர்ந்தபின், தன் உடலுக்கு ஏற்றதை, ஏற்ற அளவிலே உண்ணவும், போதும் என்றதும் கைகழுவி எழவும் உரிமை வேண்டும் என்பது இன்றைய குரல். இரண்டும் தன்மானத்தின் குரல்களே!

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறோம்? நமது பெரியப்பா உழவர், நீரிழிவு நோயாளி. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்நோயோடு வாழ்பவர். வீட்டிலே அளவறிந்து உண்பார். விருந்திலே அளவு மறப்பார். “ஒரு நாளைக்குத்தானே” என்பார்கள் சுற்றத்தார், அவரும் இசைவார். உறவுக்காரர் முப்பது வீட்டார் ஆளுக்கு ‘ஒரு நாள்’ அழைத்தால் அது ஒரு மாதம் ஆகிவிடுகிறது என்ற கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. உணர்ச்சி மங்கிய காலிலே முள் குத்தியது தெரியவில்லை; புண்ணானதும் தெரியவில்லை; தெரிந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பந்தியின் இனிப்பு மட்டுமே அந்த விரல்களைத் தின்றது என்று நாம் கூறமாட்டோம். மறந்துபோன மாத்திரைகளுக்கும், வெறுங்காலோடு நடந்த வரப்புகளுக்கும் அதிலே பங்குண்டு. ஆனால், மருத்துவமனைக் கட்டிலிலே அவர் நம்மிடம் கேட்ட கேள்வி நெஞ்சை விட்டு நீங்கவில்லை. “நாலு பேர் பார்க்கச் சபையிலே எப்படிப்பா வேண்டாம்னு சொல்றது?” என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வகையறியாமல் விரலை இழந்தவர் அவர் ஒருவர்தானா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையுடன் இணைந்து நடத்தி, 2023இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டிலே நீரிழிவுற்றோர் 10 கோடிக்கு மேல் என்கிறது. அதன் வாயிலிலே நிற்போர் 13 கோடிக்கு மேல் என்கிறது. நூறு பேர் அமரும் பந்தியிலே இந்நோயை மடியில் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்போர் பலர். கட்டிக்கொண்டிருப்பது தெரியாமலே அமர்ந்திருப்போரும் பலர். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இல்லந்தேடி மருந்து கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது எங்கே தெரியுமா? 2004 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாயிருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியிலே! மருந்து வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டது. மருந்துக்கு எதிரானது, அன்பின் பெயரால், இலைக்கு வந்துகொண்டேயிருக்கிறது!

“எல்லாம் தலையெழுத்து” என்போர் இன்றும் உண்டு. அவர்களுக்கு நம் மாவட்டமே பாடம். இங்குள்ள பிள்ளைகள் பலரது பற்களிலே மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருந்ததே, அது விதியின் கையெழுத்தா? இல்லை! நிலத்தடி நீரிலே மிகுந்திருந்த ஃபுளோரைடு எழுதிய எழுத்து. காரணம் கண்டதும் வழியும் பிறந்தது. சப்பானிய நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைந்து, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. நீரில் இருந்த காரணத்தை நீரிலே தேடினோம். சோற்றில் இருக்கும் காரணத்தை மட்டும் சாதகக் கட்டத்திலே தேடுவானேன்?

“இன்னும் கொஞ்சம்” என்ற வற்புறுத்தல் எப்படிப் பிறந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போம். மானாவாரி மண் இது. களிதான் அன்றாட உணவு. நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே வாய்த்த விருந்து. ஏர் பிடித்தவன், ஏற்றம் இறைத்தவன், என்றோ ஒருநாள் நெல்லுச்சோற்றைக் காண்கிறான். அவனுக்கு அள்ளி அள்ளி இட்டவள் அறம் செய்தாள். உண்டதை மறுநாள் உழைப்பு எரித்துவிட்டது. இன்றோ நெல்லுச்சோறு மூன்று வேளையும் கிடைக்கிறது, களி அரிதாகிவிட்டது, உழவை இயந்திரம் செய்கிறது, நடையை இருசக்கர வண்டி விழுங்கிவிட்டது. பசி இருந்த காலத்தின் பரிமாறல், பசி மாறிய காலத்திலும் அப்படியே நீடிக்கிறது. நோக்கம் நல்லதே, காலம்தான் வேறு! காலம் மாறியும் வழக்கம் மாறாதிருந்தால், அதை உரசிப் பார்ப்பதுதானே பகுத்தறிவு?

உரசிப் பார்க்க விடுகிறார்களா? நல்ல காரியத்திலே ‘வேண்டாம்’ என்ற சொல் வரக்கூடாதாம், அபசகுனமாம்! உண்டபின் இலையை எந்தப் பக்கம் மடிக்கிறோம் என்பதற்கே பொருள் கற்பித்த சமூகமல்லவா இது! தன்பக்கமாக மடித்தால் உறவு வளருமாம். எதிர்ப்பக்கமாக மடித்தால் அறுந்துபோகுமாம். வாழையிலையின் மடிப்பிலே உறவைத் தேடுவோர், ஒருவன் மறுத்த இனிப்பிலே பகையைத் தேடுவதில் வியப்பென்ன?

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்து அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முன்னே உண்டது செரித்ததா என்று அறிந்து, அளவறிந்து உண்ணச் சொல்கிறார் அவர். விருந்தினரைப் போற்று என்று சொன்ன அதே நாவுதான், அளவை மீறாதே என்றும் சொன்னது. ஒன்றை மேடையில் முழங்கி, மற்றொன்றை மூடிவைப்பது முறையா?

நம் தகடூர் மண்ணுக்கே உரிய கதை ஒன்றும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் என்கிறது புறநானூறு. சாவை ஒழிக்கும் கனி உண்டென்று நாம் நம்பவில்லை. ஆனால் அந்த ஈகையின் உட்பொருளை நம்புகிறோம். விருந்தினருக்கு எதைத் தருவது என்ற கேள்விக்கு, அவர் வாழ்நாளைக் கூட்டுவதைத் தருவது என்று விடையளித்த மண் இது! நெல்லிக்கனி தந்த ஊரிலே, நீரிழிவு உள்ளவர் வாயிலே பாகு வடியும் குலாப்ஜாமூனைத் திணிப்பது விருந்தோம்பலாகுமா?

சரி, என்ன செய்யலாம்? நாம் கடைப்பிடித்துப் பயன் கண்டவற்றைச் சொல்கிறோம்.

விருந்துக்குப் போகிறோம் என்பதற்காகக் காலையிலிருந்து பட்டினி கிடப்பதில்லை. பட்டினி கிடந்தவன் பந்தியிலே அளவறிய மாட்டான். இலையிலே முதலில் பொரியலையும் கூட்டையும் சுண்டலையும் உண்கிறோம், சோறு பிறகு. இந்த வரிசை மாற்றம் ஒன்றே, உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை விரைந்தேறுவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இனிப்பிலே ஒன்று, அதுவும் விரும்பியதை மட்டும், மெல்லச் சுவைத்து உண்கிறோம். ஊறுகாயையும் அப்பளத்தையும் தொட்டுக்கொள்வதோடு நிறுத்துகிறோம். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம், நம் பந்தியோ ஒரே வேளையில் அதை எட்டிப்பிடிக்கப் பார்க்கிறது! பாட்டிலிலே அடைத்த இனிப்பு நீருக்கு மாற்றாக மோர் கேட்கிறோம். உண்டதும் படுப்பதில்லை, நண்பரோடு பேசியபடி கால்மணி நேரம் நடக்கிறோம். மிகுதியாக உண்டுவிட்டால் மறுநாள் பட்டினித் தண்டனை விதித்துக்கொள்வதுமில்லை. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்போர் அப்படிச் செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழவும் நேரும். உடலுக்குத் தேவை ஒழுங்கு, கழுவாய் அன்று!

ஆடிப் பதினெட்டிலே நண்பர் குழாத்தோடு ஒகேனக்கல் போகிறோம்; அருவிக்கரையிலே பொரித்த மீனையும் உண்கிறோம். ஒருவன் உண்பதை இருவர் பகிர்ந்துகொள்கிறோம், அவ்வளவே. மீன் பாதியானது, மகிழ்ச்சி பாதியாகவில்லை.

விருந்தினர் மட்டும் மாறினால் போதாது, விருந்தளிப்போரும் மாறவேண்டும். ‘கேட்டுப் பரிமாறு’ என்ற ஒரே விதி போதும்! இனிப்பை இலைதோறும் வைக்காமல், வேண்டுவோருக்கு வழங்கட்டும். அவரைப் பொரியலும் கொள்ளுக் கடைசலும் கீரையும் பந்தியின் நடுவே வரட்டும். களி உருண்டைக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும். 100 கிராம் கேழ்வரகிலே சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியிலே பத்து மில்லிகிராம் அளவுதான். இத்தனை வளமுள்ள தானியத்தை ‘ஏழைச் சோறு’ என்று பந்தியிலிருந்து தள்ளிவைத்தோமே, மனிதரைத் தள்ளிவைத்த அதே மனநோயின் மிச்சமல்லவா அது? 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அதே ஆண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளிலே இரண்டு கிலோ அரிசிக்கு ஈடாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் வந்தது. அரசு கொண்டுவந்து கொடுத்ததை நாம் அடுப்பிலே ஏற்றவேண்டாமா?

அதற்காக, கேழ்வரகை இன்னொரு கடவுளாக்கிவிடவும் வேண்டாம்! “களி தின்றால் சர்க்கரை நோய் பறந்துவிடும்” என்று ஒலிபெருக்கியில் விற்பவன் பேச்சும் மூடநம்பிக்கைதான். களியிலும் மாவுச்சத்து உண்டு. அதற்கும் அளவு உண்டு. மருத்துவர் தந்த மாத்திரைக்கு அது மாற்றாகாது. பழைய தாயத்தைக் கழற்றிய கையிலே புதிய தாயத்தைக் கட்டிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்ற அன்பு மழை யார் இலையிலே பொழிகிறது? ஆடவர் இலையிலே! விடியுமுன் எழுந்து அடுப்பிலே வெந்த தாய்மார் எப்போது உண்டார்கள்? கடைசிப் பந்தியிலே, கூட்டும் பொரியலும் தீர்ந்தபின், மிஞ்சிய சோற்றையும் இரசத்தையும்! 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். ஒரே வீட்டுப் பந்தியிலே ஒருவருக்கு மிகுதியால் நோய். ஒருத்திக்குக் குறைவால் நோய்! ‘போதும்’ என்று சொல்ல அவனுக்கு உரிமை வேண்டும். ‘எனக்கும் வேண்டும்’ என்று முதற்பந்தியிலே அமர அவளுக்கு உரிமை வேண்டும்.

தோழர்களே! உடலைப் பேணுவது தன்னலமன்று. ஊருக்கு உழைக்க வேண்டிய உடல் அது. கூடி மகிழ்வதும் குற்றமன்று. கூட்டம்தான் மனிதனுக்கு வலிமை. இரண்டையும் பகையாக்கியது வற்புறுத்தல் ஒன்றே. அடுத்த திருமணத்திலே நீங்கள் பரிமாறும் வாளி ஏந்துவீர்கள். அப்போது, இலைமேல் கை விரிக்கும் பெரியவரைக் கண்டால், “சரிங்க ஐயா” என்று புன்னகையோடு நகருங்கள். சமையற்கட்டிலே வியர்வையோடு நிற்கும் அத்தையை அழைத்து வந்து முதல் வரிசையிலே அமர்த்துங்கள். அவர் இலையருகே நின்று கேளுங்கள்:

“இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, அத்தை?”