மலை எங்கும் போய்விடாது

நீலகிரிக்குப் பேருந்திலும் புகைவண்டியிலும் நாம் பலமுறை சென்றிருக்கிறோம். ஆயினும் அம்மலையின் உயரத்தைக் கால்கள் உணர வேண்டுமாயின் மிதிவண்டியில்தான் ஏற வேண்டும். 2008-ஆம் ஆண்டு முதல் ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ என்னும் நெடும்பயணம் நாடெங்குமுள்ள மிதிவண்டி அன்பர்களை இம்மலைக்கு அழைத்து வருகிறது. அதைப் பற்றிப் படித்த ஆவலால் நாங்கள் மூவர், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் கல்லூரி மாணவர் ஒருவரும் உட்பட, ஐப்பசியில் ஒரு நாள் விடியுமுன் மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்டோம். மாலைக்குள் உதகையை அடைவதே நோக்கம். தொலைவு ஏறத்தாழ 50 கி.மீ.தான், ஏற வேண்டிய உயரமோ 1,900 மீட்டர்!

கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளைக் கடக்கும்போதே உடல் வியர்வையில் நனைந்தது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. அப்பால் பள்ளத்தாக்கின் மறுபுறம் மலை இரயில் புகை விட்டபடி ஏறிக்கொண்டிருந்தது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய இவ்விரயில், செங்குத்தான பகுதியில் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. எங்களுக்கோ பற்றிக்கொள்ள ஏதுமில்லை, மூச்சைத்தான் பற்றிக்கொண்டோம்.

பர்லியாற்றில் தேநீர் அருந்தி எழுந்தபோது மூடுபனி சூழ்ந்தது. குன்னூரை அடைந்ததும் இளவெயில் சிரித்தது. “இனி என்ன, வந்துவிட்டோம்!” என்றார் பெரியவர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு பாகை அளவுக்குக் குறையும் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம். ஆனால் மாற்றுச் சட்டை ஒன்றேனும் எடுத்து வரவில்லை.

அருவங்காட்டைத் தாண்டியதும் மழை கொட்டியது. வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் இக்கிழக்குச் சரிவில்தான் மிகுதியாகப் பெய்கிறது. வெட்டிய மண்மேட்டின் ஓரம் ஒதுங்கி நின்றோம். வியர்வையும் மழையும் கலந்த உடையில் காற்று பட்டதும் மாணவரின் உதடுகள் வெளுத்தன, பற்கள் கிட்டின.

“தம்பி, மலை ஊறிக் கெடக்கு. மேட்டோரம் நிக்காதீங்க, இங்க வாங்க!” என்றொரு குரல் கேட்டது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து, இடுப்பில் படங்கு கட்டிய அம்மையார் ஒருவர் அழைத்தார். அவர் நுவரெலியாப் பக்கம் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, சிறுமியாகப் பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். 2009 நவம்பரில் இப்பகுதியில் கொட்டிய மழையையும், அப்போது ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் அவர் மறக்கவில்லை. மழையில் மண்மேட்டை நம்பக்கூடாது என்பது அவர் கண்டறிந்த பாடம்.

மாணவருக்குத் தம் கம்பளியைப் போர்த்திச் சூடான தேநீர் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் மழை தணிந்தது. நடுக்கம் முழுதும் தணியவில்லை. ஆயினும் பெரியவர் வண்டியை எடுத்தார். தொடங்கியதை முடிக்காமல் திரும்புவது அவருக்கு மானப் பிரச்சினை. அம்மையார் மாணவரைச் சுட்டிக்காட்டி, “ஐயா, மலை எங்கயும் போயிடாது. புள்ளையைப் பாருங்க” என்றார். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். மூன்று வண்டிகளையும் அங்கேயே விட்டு, பேருந்தில் உதகை சேர்ந்தோம்.

மறுநாள் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. கொட்டகைக்குத் திரும்பிக் கம்பளியை ஒப்படைத்தோம். எஞ்சிய வழியை வெயிலில் மிதித்து, கேத்திப் பள்ளத்தாக்கைக் கண்குளிரக் கண்டு, நண்பகலில் உதகையை அடைந்தோம்.

இவ்வழியே வர விரும்பும் அன்பர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்ப்பது நலம். எக்காலத்திலும் உலர்ந்த சட்டை ஒன்றை நனையாத உறையில் வைத்திருங்கள். இளைத்தவர் எவரோ அவர் வேகமே கூட்டத்தின் வேகமாக இருக்கட்டும்.