பின் ஸீட்டிலிருந்து சில வார்த்தைகள்

சமையலறையில் கிரானைட் மேடை போடுவதற்காக நான் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தோடு தன் சேமிப்பையும் போட்டு, 2023 தை மாதம் என் கணவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். வயது ஐம்பது. காலேஜில் படிக்கிற மகள் இருக்கிறாள்.

"இந்த வயசுல எதுக்குங்க இது?"

"இந்த வயசுலயும் வாங்கலேன்னா அப்புறம் எப்பத்தான் வாங்குறது?"

அதற்குமேல் நான் என்ன சொல்ல?

அது அவருக்குச் சின்ன வயசு ஆசை. அவருடைய பெரியப்பா ஊரில் புல்லட் வைத்திருந்தாராம். 1956-லிருந்து நம் சென்னை திருவொற்றியூரில் தயாரான வண்டி. அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கிக்கரைச் சரியாக உதைக்கத் தெரியாவிட்டால் அது நம்மைத் திருப்பி உதைக்குமாம்! பெரியப்பா உதைத்ததும் 'டக் டக்' என்று அது அடங்கி ஓடுகிற சத்தத்தை இவர் இன்றைக்கும் வாயாலேயே செய்து காட்டுவார்.

ஆனால் வாங்கியது புல்லட் இல்லை. அதே ராயல் என்ஃபீல்டு கம்பெனி 2020 நவம்பரில் கொண்டு வந்த மீட்டியார் 350. 'க்ரூஸர்' என்கிறார்கள். ஸீட் தாழ்வு, ஹேண்டில் பார் உயரம், ஓட்டுபவர் கால் வைக்கிற இடம் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம்.

புல்லட்டை விட்டு இதற்கு வந்ததற்குக் காரணம் நான்தான். எனக்கு மூட்டு வலி. கடையில் புல்லட் மேல் ஏறப் பார்த்துக் காலைத் தூக்க முடியாமல் திண்டாடினேன். அதில் ஓட்டுபவர் ஸீட் உயரம் அதிகம், இதில் 765 மில்லிமீட்டர்தான். பின் ஸீட் இரண்டிலுமே அதைவிடக் கொஞ்சம் உசரம்தான். சில சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. மூட்டு வலிக்காரிகளுக்கு அது மாடிப்படியில் கால்வாசி!

முதல் ஞாயிற்றுக்கிழமையே உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். நாற்பது கிலோமீட்டர். வழக்கம்போல் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தேன். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும் மலை கூடவே வந்தது, வண்டி அலட்டாமல் அறுபதில் போனது, காற்று முகத்தில் அடித்தது. நன்றாகத்தான் இருந்தது, மறுநாள் காலை வரைக்கும்! குனிந்து கோலம் போட முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிஸியோதெரபி செய்கிற பெண் சிரித்தாள். "இடுப்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு நாப்பது கிலோமீட்டர் போனா முதுகு என்னத்துக்கு ஆகும்? ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருங்கம்மா." இவரும் அதையேதான் சொன்னார். பாரம் ஒரு பக்கமாக இருந்தால், மெதுவாகப் போகும்போது கனமான வண்டியை நிதானமாக நிறுத்துவது கஷ்டமாம்.

அப்படியென்றால் சுடிதார். நாற்பத்து நாலு வயதில், மாமியார் இருக்கிற வீட்டில்! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் சேலையைத் தவிர வேறு கட்டியதில்லை. மகளுடைய சுடிதாரைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, அத்தை முன்னால் வந்து நின்றேன். கால் நடுங்கியது. அத்தை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்றார்கள். நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் துணிய நல்லா முடிஞ்சு போட்டுக்க, சக்கரத்துல மாட்டிறப் போகுது" என்றார்கள். அவ்வளவுதான்.

அத்தை பயந்தது சரியே. பின் சக்கரத்தில் பாதியாவது மறைகிற மாதிரி தடுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கழற்றிவிட்டு 'ஸ்டைல்' காட்டுகிற பிள்ளைகளின் பின்னால் ஏறாதீர்கள். வலது பக்கம் சைலன்சர் இருக்கிறது, இறங்கும்போது காலில் சுட்டுவிடும். ஹெல்மெட் போட்டால் தலையில் பூ வைக்க முடியாது. மதுரைக்காரிக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம் தெரியுமா? மல்லிகையை வாழையிலையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அம்மா வீட்டு வாசலில் இறங்கித்தான் சூடிக்கொள்கிறேன்.

ஸீட் சுகம்தான், ஆனால் பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக முதுகுத் தண்டுக்குத்தான். கால் முன்னால் இருப்பதால் ஓட்டுகிறவரால் சட்டென்று எழும்ப முடியாது. பள்ளம் தெரிந்தால் இவர் "ம்ம்" என்பார், நான் லேசாக எழும்பிக்கொள்வேன். பாதி வழியில் செக்கானூரணியில் கட்டாயம் இறங்கி நடப்போம். டீக்காக இல்லை, முதுகுக்காக. (டீயும் உண்டு.)

இனி கனம். 191 கிலோ! எங்கள் வீடு இருப்பது ஒரு முடுக்கில். சாக்கடைப் பலகை மேல் திருப்பும்போது ஒரு நாள் வண்டி அப்படியே சாய்ந்தது. இவர் தாங்கிப் பிடிக்கப் போய் மணிக்கட்டு பிசகிவிட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். ராத்திரி கையில் கட்டோடு உட்கார்ந்து, "வித்துரலாமா?" என்றார். 'வித்துருங்க' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கிரானைட் ஞாபகம் வேறு. ஆனால் பஸ்ஸை நம்பியிருந்தபோது அம்மாவை நான் வருஷத்தில் நாலு தடவைதான் பார்த்தேன். வண்டி வந்தபின் பதினைந்து நாளுக்கு ஒரு தரம். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது.

"மெயின் ரோட்டு எண்ணெய்க் கடைக்காரர் ஷெட்டுல இடம் கேளுங்க" என்றேன்.

மாசம் ஐந்நூறு ரூபாய் வாடகைக்கு வண்டி இப்போது அங்கேதான் நிற்கிறது. கடைக்கண்ணிக்கு, காஸ் சிலிண்டருக்கு எல்லாம் மகளுடைய ஸ்கூட்டர்தான். மாசி வீதிக் கூட்டத்தில் இதை உருட்ட முடியுமா? பழைய வண்டி லிட்டருக்கு அறுபது கொடுத்தது, இது முப்பத்தைந்து.

2025 செப்டம்பரில் 350 ஸி.ஸி. வரைக்குமான வண்டிகளுக்கு வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆக்கிவிட்டார்கள். பேப்பரைப் படித்துவிட்டு இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வித்தியாசத்தில் ஒரு மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கியிருக்கலாம்.

மேடை இன்னும் பழைய சிமெண்ட் மேடைதான். அடுத்த சீட்டு சித்திரையில் விழும். அதை இவர் கண்ணில் காட்டப் போவதில்லை.