ஒரு வரிக்கு எத்தனை இழுப்பு?

2021 ஜனவரி. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த உலகம் திடீரென்று கப்பல் பாட்டு பாட ஆரம்பித்தது. ஸ்காட்லாந்துத் தபால்காரர் நேதன் எவன்ஸ் டிக்டாக்கில் பாடிப் போட்ட 'வெல்லர்மேன்' எங்கெங்கோ பரவி, முன்பின் தெரியாதவர்களெல்லாம் அதன்மேல் தங்கள் குரலை அடுக்கினார்கள். எல்லோரும் அதை 'ஷாண்டி', அதாவது மாலுமிகளின் வேலைப்பாட்டு, என்றார்கள். கடல் பாட்டுகளைத் தோண்டித் துருவியவர்கள் மட்டும் அதற்குத் தலையாட்டவில்லை. அது நியூசிலாந்துத் திமிங்கல வேட்டைக்காரர்களின் கதைப்பாட்டு. 1831இல் ஒட்டாகோவில் வேட்டைத் தளம் அமைத்த வெல்லர் சகோதரர்களின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டில் கடல் உண்டு, கப்பல் உண்டு, திமிங்கலமும் உண்டு. இழுக்கக் கயிறுதான் இல்லை.

கயிறு இல்லையென்றால் ஷாண்டி இல்லையா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில நாள் படித்ததில் குறித்துவைத்தவை இவை.

*

முதலில் பெயர்ச் சண்டை. 1914இல் செசில் ஷார்ப் தன் கப்பல் பாட்டுத் தொகுப்புக்குப் பெயர் வைத்தபோது ஷாண்டி என்ற சொல்லை ஆங்கிலத்தில் 'ச' ஒலிக்குரிய எழுத்தில் தொடங்கினார். 1921இல் ரிச்சர்ட் ரன்சிமன் டெர்ரி, மாலுமிகள் வாயில் வருவது 'ஷ'தான் என்று அப்படியே எழுதினார். பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. தமிழில் எழுதுகிறவனுக்கு இந்த எழுத்துத் தொல்லை கிடையாது.

*

ஷாண்டி போர்க்கப்பல் பாட்டு அல்ல. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் நூற்றுக்கணக்கில் ஆள் உண்டு. அங்கே வேலை நேரத்தில் பாடவிடமாட்டார்கள். விசிலும் பிடிலும் கட்டளையும் போதும். வணிகக் கப்பல் கதை வேறு. 1818இல் பிளாக் பால் லைன் நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் இடையே நாள் குறித்துக் கப்பல் விட்டது. அதன் பிறகு வேகம்தான் காசு. கப்பல் பெரிதாகிக்கொண்டே போயிற்று, முதலாளி ஆளைக் குறைத்துக்கொண்டே போனார். இருபது பேர் செய்ய வேண்டியதைப் பத்துப் பேர் செய்ய வேண்டுமென்றால் பத்துப் பேரும் ஒரே நொடியில் இழுத்தாக வேண்டும். அந்த நொடியைக் காட்டத்தான் பாட்டு. நல்ல பாட்டுக்காரன் ஒருவன் கயிற்றில் பத்துப் பேருக்குச் சமம் என்று மாலுமிகள் சொல்வார்களாம். இது சம்பளக் கணக்குத் தெரிந்தவர்கள் சொன்ன பாராட்டு.

*

இனி வகைப்பாடு. டெர்ரியும், 1924இல் 'ரோல் அண்ட் கோ' நூலை வெளியிட்ட ஜோவன்னா கோல்கார்டும் பாட்டுகளை ராகத்தாலோ பொருளாலோ பிரிக்கவில்லை. எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்று பிரித்தார்கள். டெர்ரி மாலுமிக் குடும்பத்திலிருந்து வந்தவர், வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரலில் ஆர்கன் வாசித்தவர். கோல்கார்ட் 1882இல் தந்தையின் கப்பலிலேயே, நடுக்கடலில் பிறந்தவர். இந்தப் பிரிவு அவர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. மாலுமிகள் பேச்சில் ஏற்கெனவே இருந்ததைத்தான் அத்தியாயமாக்கினார்கள்.

*

ஆஞ்சான் பாட்டு. பாய் கட்டிய குறுக்குமரத்தைப் பருமல் என்பது நம் கப்பல்காரர் சொல். அதை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். கனத்த பருமல் ஏறப் பல நிமிடம் ஆகும். தலைப்பாட்டுக்காரன் ஒரு வரி பாடுவான், மற்றவர்கள் மூச்சு வாங்குவார்கள். அடுத்த வரியை எல்லோரும் சேர்ந்து பாடும்போது அழுத்தமான இரண்டு அசைகளில் இரண்டு இழுப்பு. மறுபடி ஓய்வு. பருமல் உச்சிக்குப் போனதும் மேட் என்ற துணை அதிகாரி நிறுத்தச் சொல்வார். பாட்டு அந்த இடத்திலேயே, பாதிச் சரணத்தில் அறுந்துவிடும். ஆகவே இந்தப் பாட்டுகளுக்கு முடிவு என்று ஒன்று தேவைப்படவில்லை. கதை தீர்ந்து மரம் ஏறாமல் நின்றால் பாட்டுக்காரன் கைச்சரக்கை எடுத்துவிடுவான். சமையல்காரனைக் கிண்டல் செய்வான், கேப்டனைக் கிண்டல் செய்வான். பேச்சில் சொன்னால் தண்டனை கிடைக்கும் சங்கதியைப் பாட்டில் சொன்னால் அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

*

குட்டை இழுப்புப் பாட்டு. பாய் ஏறியாகிவிட்டது, கயிறு இன்னும் ஒரு முழம் இறுக வேண்டும். இங்கே சரணத்துக்கு ஒரே ஒரு இழுப்பு, கடைசிச் சொல்லில். அதற்கு முன்னால் வரும் சொற்களெல்லாம் உடம்பைத் தயார் செய்ய.

இதிலும் சிறிய வகை ஒன்று உண்டு. பாயைச் சுருட்டும்போது மாலுமிகள் பருமல்மேல் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நனைந்து கனத்த பாய்ச் சுருளை ஒரே தம்மில் மேலே தூக்கிப் போட வேண்டும். அதற்கென்றே பாடப்பட்டது 'பேடி டாய்ல்'. ஒரு தூக்குக்கு ஒரு பாட்டு.

*

காப்ஸ்டன் பாட்டு. தளத்தில் நிமிர்ந்து நிற்கும் உருளையில் சுற்றிலும் கம்புகளைச் செருகி, செக்கு மாடு போலச் சுற்றி நடந்தால் நங்கூரம் ஏறும். இங்கே இழுப்பு இல்லை, நடை. எந்த அசையிலும் வெட்டு விழ வேண்டியதில்லை. ஆகவே ராகம் நீளலாம், கோரஸ் பெருகலாம், கரையில் கேட்ட கதைப்பாட்டைக்கூடக் கொண்டுவந்து நடக்கவிடலாம். ஷாண்டிகளில் கேட்க இனிமையானவை பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கின்றன. இன்றைய மேடைகளில் அதிகம் ஒலிப்பவையும் இவைதான். வேலை லேசாக விட்டுப்பிடித்த இடத்தில் இசைக்கு இடம் கிடைத்திருக்கிறது.

பம்பு பாட்டும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. மரக்கப்பல் ஒழுகும். தினமும் இறைத்தாக வேண்டும். பயணம் முடிந்து துறைக்கு வந்ததும் கடைசி இறைப்புக்குப் பாடுவது 'லீவ் ஹெர், ஜானி'. சோற்றையும் அதிகாரிகளையும் திட்டித் தீர்க்கும் பாட்டு. நடுப்பயணத்தில் பாடினால் கலகம் என்று பொருள்.

*

'டிரங்கன் செய்லர்' எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அது ஓட்டப் பாட்டு. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தளத்தில் தடதடவென்று நடந்துபோவதற்கு. அதில் தலைப்பாட்டும் பின்பாட்டும் இல்லை, எல்லோரும் ஒன்றாகவே பாடுவார்கள். அப்படி நடக்க நிறைய ஆள் வேண்டும். ஆள் குறைந்த கப்பலில் அதற்கு வேலை இல்லை. ஒரு பாட்டு எந்த வகை என்று தெரிந்தால் அது பாடப்பட்ட கப்பலில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்றுகூட ஊகித்துவிடலாம் போலிருக்கிறது.

*

வேலையில்லாத மாலை நேரத்தில், கப்பலின் முன்பகுதியில் கயிறு கட்டும் கட்டைகள்மேல் உட்கார்ந்து பாடுவது ஃபோர்பிட்டர். காதல், போர், கப்பல் உடைந்த கதை. இவற்றை மாலுமிகள் ஷாண்டி என்று சொல்வதில்லை. ஷாண்டியை ஓய்வில் பாடுவதும் வழக்கமில்லை. கயிற்றைக் கையில் எடுக்காமல் ஷாண்டி பாடுவது, உலை வைக்காமல் அரிசி களைவது மாதிரி அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

*

மாலுமிக்கு முதல் மாதச் சம்பளம் முன்பணமாகக் கிடைக்கும். கப்பல் ஏறுமுன்பே அது விடுதிக்காரனிடம் போய்விடும். ஆக, முதல் மாதம் முழுக்கச் சும்மா உழைப்பது. 'செத்த குதிரைக்கு வேலை செய்வது' என்று அதற்குப் பெயர். மாதம் முடிந்த அன்று வைக்கோலில் குதிரை செய்து, ஆஞ்சான் பாட்டு பாடிப் பருமல் முனைக்கு ஏற்றி, கடலில் தள்ளிவிடுவார்கள். கடன் வாங்கி உழைத்தவர்களுக்கு அந்தக் குதிரையின் கனம் புரியும்.

*

ஷாண்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் ஒரே ஊரைக் காட்ட முடியாது. அமெரிக்காவின் மொபீல், நியூ ஆர்லீன்ஸ் துறைகளில் பருத்திப் பொதிகளைக் கப்பல் வயிற்றுக்குள் திருகாணி ஜாக்கி வைத்து நெருக்குவார்கள். அந்தக் கூட்டங்கள் பாடிய பாட்டுகள் கப்பலேறின. அவற்றில் கறுப்பினத் தொழிலாளர்களின் பங்கு பெரிது. ஒருவர் அழைக்க மற்றவர் பதில் சொல்லும் அமைப்பில் அவர்கள் கைரேகை தெளிவாகத் தெரிகிறது. கரீபியத் தீவுகளின் மாலுமிகள் பங்கும் அப்படியே. இங்கிலாந்தின் பழம்பெரும் நாட்டுப்பாடல் என்று அட்டையில் அச்சிடுகிறவர்கள் இதை விட்டுவிடுவது வழக்கம்.

*

சாமர்செட்டில் வாட்செட் என்ற சிறு துறைமுகம். 1914இல் செசில் ஷார்ப் அங்கே ஜான் ஷார்ட் என்ற எழுபத்தைந்து வயது மாலுமியைச் சந்தித்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அந்த ஒருவரிடமிருந்தே கிடைத்தன. ஊருக்குத் தண்டோரா போடும் வேலையும் பார்த்தவர் அவர். குரல் அப்படி.

*

கப்பல் வேலையோடு ஷாண்டி பாடிய கடைசி ஆள் என்று ஸ்டான் ஹியூகிலைச் சொல்வார்கள் (1906-1992). 1929இல் கேப் வெர்ட் தீவுகள் அருகே உடைந்த 'கார்த்பூல்' என்ற பிரிட்டிஷ் பாய்க்கப்பலில் பாட்டுக்காரராக இருந்தவர். 1961இல் அவர் வெளியிட்ட பெரும் தொகுப்பில் நானூறுக்கு மேல் பாட்டுகள். பலவற்றை ஹார்டிங் என்ற பார்படோஸ் மாலுமியிடம் கற்றதாகச் சொல்கிறார். கெட்ட வார்த்தைகளை மட்டும் நாசூக்காக மாற்றிவிட்டார். அவருக்கு முன் தொகுத்தவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

சுவாரசியம் என்னவென்றால், கோல்கார்டின் கறாரான பெட்டிகள் ஹியூகிலுக்குப் பிடிக்கவில்லை. ஒரே பாட்டை ஒரு கப்பலில் பம்புக்கும் இன்னொரு கப்பலில் ஆஞ்சானுக்கும் பாடினார்கள். வேகத்தை மாற்றினால் வகை மாறிவிடும். வகை இருந்தது பாட்டில் அல்ல, அன்றைய வேலையில்.

*

இன்று நூலகத்தில் தேடினால் ரவுட் எண் கிடைக்கும். ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் தொடங்கிய அட்டவணை அது. ஒரு பாட்டின் எல்லா வடிவங்களுக்கும் ஒரே எண். 'டிரங்கன் செய்லர்' 322. மிகவும் பயனுள்ள ஏற்பாடு. ஆனால் 322 என்ற எண், அந்தப் பாட்டுக்கு நடக்க வேண்டுமா, நின்று இழுக்க வேண்டுமா என்பதைச் சொல்லாது.

*

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. பாய்க்கப்பலிலேயே 'டாங்கி எஞ்சின்' என்ற சிறு நீராவி யந்திரம் நங்கூரத்தைத் தூக்க ஆரம்பித்தது. எஞ்சினுக்குத் தாளம் தேவையில்லை.

*

எழுதிக்கொண்டே வரும்போது நம் கரைவலை நினைவுக்கு வராமல் போகுமா? ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்ள, அம்பா பாட்டில் வலை கரையேறும். இதற்கும் ஷாண்டிக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததாகச் சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை, ஆசையும் இல்லை. கயிறு ஒன்றுதான், மனித முதுகும் ஒன்றுதான். அது போதும்.

நம் தொகுப்புகளில் தாலாட்டு, ஒப்பாரி, தொழில் பாட்டு என்று பிரிப்பது வழக்கம். தொழில் என்ற ஒரே பெட்டிக்குள் ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, சுண்ணாம்பு இடிக்கும் பாட்டு, அம்பா எல்லாம் கிடக்கும். சொற்களை மட்டும் அச்சில் படிக்கிறவருக்கு எந்த அசையில் முதுகு நிமிர்ந்தது என்று தெரிய வழியில்லை.

இலங்கைக் கடற்கரைகளில் கரைவலையை டிராக்டரில் பூட்டிய வின்ச் இழுக்கத் தொடங்கியாகிவிட்டது. அது நம்மூர் டாங்கி எஞ்சின். அம்பா தெரிந்த பெரியவர் யாரையாவது நீங்கள் பதிவுசெய்யப் போனால், கைப்பேசியை நீட்டிப் பாடச் சொல்வதற்கு முன், அவர் கையில் ஒரு கயிற்றைக் கொடுங்கள். எத்தனை பேர் நின்றீர்கள், எந்தச் சொல்லில் இழுத்தீர்கள், வலை கிட்டே வந்ததும் பாட்டை எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொற்களைப் பிறகு கேட்கலாம்.