சன்ரூஃப் மோட்டரும் நாலு குழாயும்



"சேர், சன்ரூஃப் சரியாகிட்டா?" என்று ஹோல்புரூக் கடைத்தெருவில் கேட்ட எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. சரியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இதே நிலைமையில் நம்ம பக்கம் இன்னும் பல பழைய கார்கள் ஓடுவதால் விவரமாக எழுதுகிறோம்.

மழையும் பனிமூட்டமுமான அக்கரப்பத்தனைக்கு சன்ரூஃப் எதற்கு என்று சிரிக்கலாம். நாங்கள் கேட்டு வாங்கியதல்ல, காரோடு வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தும், விலை நமக்கு எட்டவில்லை. எனவே இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும். இரவில் யாருக்காவது வலி வந்தால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இதே கார்தான்.

கண்ணாடி பாதியில் நின்றது. மோட்டர் உறுமியது, கண்ணாடி நகரவில்லை. முதலில் செய்ய வேண்டியது மூடுவது. பல கார்களில் கூரை லைட் மூடியைக் கழற்றினால் மோட்டரில் ஒரு துவாரம் தெரியும். அலன் கீ போட்டு மெதுவாகத் திருகினால் கண்ணாடி மூடிக்கொள்ளும்.

மோட்டரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. பஞ்சிகாவத்தையில் பழைய மோட்டர் ஒன்று கிடைத்தது. ஆனால் பாஸ் அதை உடனே பூட்டவில்லை. "பல்லு ஏன் தேஞ்சது என்று பார்க்காம மாத்தினா, இதுவும் தேயும்" என்றார்.

காரணம் தண்டவாளத்தில் இருந்தது. பழைய கிரீஸ் காய்ந்து, மண்ணோடு சேர்ந்து கல்லாகியிருந்தது. அந்தப் பாரத்தை இழுத்து இழுத்தே பல் தேய்ந்திருக்கிறது. துடைத்துப் புது கிரீஸ் பூசி, கண்ணாடி இரு பக்கமும் சமமாக மூடியிருப்பதைப் பார்த்த பிறகுதான் மோட்டர் ஏறியது.

இன்னொரு விடயம். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. உள்ளே வரும் தண்ணீர் ஓரக் கானில் விழுந்து, பெரும்பாலான கார்களில் நாலு மூலைக் குழாய்களால் கீழே போகும். எங்கள் காரில் இரண்டு குழாய்களைச் சவுக்கு இலைத்தூள் அடைத்திருந்தது. இப்படி அடைத்தால் தண்ணீர் காருக்குள்தான் இறங்கும்: கார்பட் ஊறும், வயர் துருப்பிடிக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கழன்றுவிடும். புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலோன் நூல் போதும். பிறகு ஒவ்வொரு மூலையிலும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். காருக்குக் கீழே வடிந்தால் நல்லது.

சிலிக்கன் பூசி நிரந்தரமாக மூடிவிடச் சொன்னவர்களும் உண்டு. குழாய் அடைபட்டிருந்தால் அது நோயை மறைக்கும், தீர்க்காது.

தென்மேல் பருவமழைக்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கையிலிருக்கும் பொருளும் ஓர் அமானத்தே. கவனித்தால் போதுமானதை எறிவது வீண்விரயம்.

யாருக்காவது குழாய் எங்கே என்று தெரியாவிட்டால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.