614 ரூபாய் வாடகையில் ஒரு கோல்ஃப் மைதானம்

சாத்தான்குளம் பஜாரில் ஒரு பெட்டிக்கடை போட இடம் தேடிப் பாருங்கள். எவ்வளவு பேரம் பேசினாலும் மாதம் 614 ரூபாய்க்கு யாரும் தர மாட்டார்கள். ஆனால் சென்னை கிண்டியில் 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலத்துக்கு ஒரு வருட வாடகையே 614 ரூபாய் சொச்சமாகத்தான் இருந்தது! கணக்குப் போட்டால் ஏக்கருக்கு வருடம் நாலு ரூபாய் கூட வரவில்லை.

கதை பழையது. வெள்ளைக்காரர்கள் போன ஊரெல்லாம் கிளப் தொடங்கினார்கள். கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. சென்னையில் ஜிம்கானா கிளப் 1884-ல் தொடங்கியது. அதன் கோல்ஃப் மைதானம் இருந்தது கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள். சுற்றிலும் குதிரை ஓடும், நடுவில் பந்து உருளும்.

அந்த நிலத்தை பந்தய கிளப்புக்கு 1945 முதல் 99 வருடக் குத்தகைக்கு அரசு கொடுத்தது. வாடகை அன்று எழுதியதுதான். பணத்தின் மதிப்பு இறங்க இறங்க வாடகையும் தானாகக் குறைந்துகொண்டே வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1970 முதலான வாடகையை உயர்த்தி அரசு கேட்டபோது, பத்திரத்தில் உயர்த்த வழியே இல்லை என்றது கிளப். சின்ன ஒரு ஷரத்தை எழுதாமல் விட்டதற்கு எத்தனை வருட வழக்கு பாருங்கள்!

2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. பிறகு 118 ஏக்கரில் பூங்கா, மழை வெள்ளத்தைத் தேக்கக் குளங்கள் என்று அறிவிப்பு வந்தது. கிளப்புகள் மறுபடி நீதிமன்றம் போயின.

இன்னொரு பக்கமும் உண்டு. குதிரை பராமரிப்பவர்கள், புல் வெட்டுபவர்கள், கோல்ஃப் பை சுமப்பவர்கள் யாரும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. பூட்டு விழுந்தால் முதலில் போவது அவர்கள் கூலிதான். கான்கிரீட் ஏறாத அந்தப் புல்வெளியும் மழைநீரைக் குடித்துக்கொண்டுதான் இருந்தது.

கோல்ஃப் என்றாலே வேலி போட்ட கிளப்தானா? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள புகழ்பெற்ற பழைய மைதானம் பொது நிலம். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. ஊர் ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு புல்லில் நடந்து போவார்கள். கிண்டியில் வருடத்துக்கு ஒரு ஞாயிறாவது அப்படிக் கதவைத் திறந்து விட்டிருந்தால், சீல் வைத்த அன்று சென்னையில் நாலு பேராவது வருத்தப்பட்டிருப்பார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?