வாப்பா சொன்ன புறாக்கள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பகல் பன்னிரண்டரை மணி தாண்டியதும் உம்மாவின் போன் மணி அடிக்கும். கட்டார் நாட்டில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அங்கே 10 மணி ஆகும்போது இங்கே 12.30. வாப்பா தங்குமிடத்துக்கு வந்து, முகம் கழுவிவிட்டு அழைப்பார். உம்மா லுஹர் தொழுதுவிட்டுப் போனை மடியில் வைத்துக் காத்திருப்பார்.

அவர்கள் பேசுவது என்னவென்று எனக்கு மனப்பாடம். "சாப்பிட்டீங்களா?" என்று உம்மா கேட்பார். "ஊர்ல மழையா?" என்று வாப்பா கேட்பார். அதன் பிறகு புறாக்கள். வாப்பாவின் அறை ஜன்னலுக்கு வெளியே ஏ.சி. பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சோடிப் புறா கூடு கட்டியிருக்கிறது. இன்றைக்கு முட்டை இட்டது, நேற்று ஆண் புறா குச்சி கொண்டுவந்தது, வெயில் ஏறும்போது பெட்டை எழும்பாமல் அடைகாத்தது என்று வாப்பா சொல்லிக்கொண்டே போவார். உம்மா அதைக் கேட்டுச் சிரிப்பார்.

எனக்கு ஆத்திரம் வரும். கடனில் எவ்வளவு மிச்சம், லீவு எப்போது கிடைக்கும், இதையெல்லாம் கேட்காமல் இரண்டு பெரிய மனிதர்கள் தினமும் புறாவைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நினைப்பேன்.

வாப்பா வெளிநாடு போவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அவர் வயல்காரர். அம்பாறை மாவட்டத்தில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் சிறுபோகமும் பெரும்போகமும் செய்து எங்களை வளர்த்தவர். 2021 ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அதை நீக்கினார்கள். ஆனால் அந்தப் பெரும்போகத்துக்கு வேண்டிய நேரத்தில் எங்கள் வயலுக்கு யூரியா கிடைக்கவில்லை. கதிர் வந்தது, மணி நிறையவில்லை. அடுத்த வருடம் முழு நாடும் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது. உம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின. 2022 முடிவதற்குள் வாப்பாவும் போய்விட்டார்.

இவ்வளவும் என் மனதில் இருந்தபோதுதான் உயர்தர வகுப்பில் எங்கள் தமிழ் டீச்சர் அகத்திணைகளைப் படிப்பித்தார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நான்கு நிலங்களையும் சொல்லிவிட்டு, பாலைக்கு வந்தபோது சற்று நிறுத்தினார். பாலை என்பது தனி நிலமல்ல. முல்லையும் குறிஞ்சியும் கடும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் துன்பம் தரும்போது அதுவே பாலையாகிறது என்று சிலப்பதிகாரம் கூறுவதாகச் சொன்னார். இளங்கோவடிகள் மருதத்தைச் சொல்லவில்லைதான். ஆனாலும் மணி நிறையாத எங்கள் வயல் என் கண்முன் வந்து நின்றது. மருதமும் பாலையாகும் டீச்சர் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அன்று டீச்சர் கலித்தொகையின் 11 ஆவது பாடலை வாசித்து விளக்கினார். பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பொருள் தேடப் போன கணவனை நினைத்து ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். அவன் போவதற்கு முன் தான் கடந்து செல்லும் காட்டைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறான். கால் வைக்க முடியாதபடி நெருப்பாகச் சுடும் காடு என்று சொன்னவன், அதே காட்டில் யானைக் கன்று கலக்கிவிட்ட கொஞ்சத் தண்ணீரை முதலில் பெண் யானைக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைத்தான் ஆண் யானை குடிக்கும் என்றும் சொன்னான். இலைகள் கருகிய காடு என்றவன், அங்கே களைத்துப்போன பெட்டைக்கு ஆண் புறா தன் மெல்லிய சிறகால் விசிறிவிடும் என்றும் சொன்னான். மூங்கிலும் வாடும் வெயில் என்றவன், நிழல் இல்லாமல் வருந்தும் பெண் மானுக்கு ஆண் மான் தன் உடம்பின் நிழலையே கொடுக்கும் என்றும் சொன்னான். இப்படிப்பட்ட காட்டைக் கடந்து போனவர் என்னை வாட விடமாட்டார் என்று அவள் தன் மனதைத் தேற்றிக்கொள்கிறாள்.

புறா என்ற சொல் வந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண் கலங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு இடைவேளைகளில் நூலகத்தில் சங்கப் பாடல் உரைகளைத் தேடி வாசித்தேன். இந்தக் கலித்தொகையை 1887 ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்று அறிந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஈழத்துப் பூதன்தேவனார் என்ற புலவரின் பெயரில் குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலுமாக ஏழு பாடல்கள் இருப்பதையும் கண்டேன். அவற்றில் ஒன்று குறுந்தொகையின் 189 ஆவது பாடல். கடமைக்காகப் போகவேண்டிய ஒருவன், இன்று போய் நாளையே திரும்பிவிடுவோம் என்கிறான். அவனுடைய தேர்ச் சக்கரம் இளம்பிறை போல ஒளிர்கிறது. பிறையைப் பார்த்துப் பெருநாளை எண்ணுகிற வீட்டுப் பிள்ளை நான். அந்த உவமையில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

வாசிக்க வாசிக்க ஒரு விடயம் என்னைக் குழப்பியது. துன்பத்தில் இயற்கை ஆறுதல் தரும் என்று நாங்கள் கட்டுரைகளில் எழுதுவோம். ஆனால் இந்தப் பாடல்களில் இயற்கை அவ்வளவு இலேசாக ஆறுதல் தருவதில்லை. குறுந்தொகையில் ஔவையாரின் பெண் ஒருத்தி, அசைந்து வரும் காற்று தன்னை வாட்டுகிறது, ஊரோ தன் நோயை அறியாமல் தூங்குகிறது என்று குமுறுகிறாள். முல்லைப் பாடல்களில் கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை மட்டும் பூத்துவிடுகிறது. அந்தப் பூ அவளுக்கு ஆறுதலா? அவர் சொன்ன நாள் கடந்துவிட்டது என்று காட்டுகிற பூ அல்லவா அது!

அங்கேதான் அன்பு வேலை செய்கிறது. குறுந்தொகை 66 இல் தோழி, இந்தக் கொன்றைகள் அறிவில்லாதவை, காலம் தவறிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்டன என்று சொல்கிறாள். தலைவியைத் தேற்றுவதற்காக மரத்தையே முட்டாளாக்கிவிடுகிறாள். 21 ஆவது பாடலில் தலைவி அதற்கும் ஒருபடி மேலே போகிறாள். காடே வந்து இது கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், ஏனென்றால் அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் மூத்தம்மாதான் நினைவுக்கு வந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவேன் என்று வாப்பா சொல்லியிருந்தார். லீவு கிடைக்கவில்லை. பெருநாளுக்கு முந்திய இரவு உம்மா குசினியில் யாருடனும் பேசாமல் மாப் பிசைந்துகொண்டிருந்தார். மூத்தம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பெருநாள் என்ன பெருநாள்? வருஷத்துக்கு ரெண்டு தரம் வாறதுதானே. அவன் வாற நாள்தான் நமக்குப் பெருநாள்" என்றார். கொன்றையைத் திட்டிய தோழிக்கும் என் மூத்தம்மாவுக்கும் என்ன வித்தியாசம்?

ஆறுதல் இயற்கைக்குள் தானாகக் கிடப்பதில்லை என்று எனக்குப் புரிந்தது. ஒருவர் அதைக் கண்டு, இன்னொருவருக்காக எடுத்துவந்து சொல்லும்போதுதான் அது ஆறுதலாகிறது. கலித்தொகையில் அந்தப் பெண்ணைத் தேற்றியது புறா அல்ல. புறாவைப் பற்றி அவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்த கணவனின் மனம். கடன், லீவு, சம்பளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாப்பா ஏன் தினமும் ஒரு கூட்டைப் பற்றிப் பேசினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

யானையின் கதையும் எங்கள் வீட்டில் நடந்ததுதான். 2022 இல் சோறு குறைவாக இருந்த இரவுகளில், "நான் கடையில சாப்பிட்டுட்டன்" என்று வாப்பா சொல்வார். நாங்கள் நம்பிச் சாப்பிட்டோம். அந்த நாட்களில் கடைகளே பாதி நேரம் பூட்டிக்கிடந்தன என்பது எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை?

ஒரு நாள் பகல் அழைப்பில் போனை வாங்கி, அந்தப் பாடலின் கதையை வாப்பாவுக்குச் சொன்னேன். யானை, புறா, மான் மூன்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த மனுஷன் வெயிலையும் சொல்லியிருக்காரா?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா. ரெண்டையும் சொல்லியிருக்கார். ஒவ்வொரு தரமும் வெயிலைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதைச் சொல்றார்."

அன்றைக்குத்தான் வாப்பா வெயிலைப் பற்றிப் பேசினார். ஜூலை மாதத்தில் கையுறை இல்லாமல் கம்பியைத் தொட முடியாது என்றார். 10 மணிக்குச் சட்டையைக் கழற்றினால் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும் என்றார். கூட வேலை செய்யும் வயதான ஒருவர் தன் போத்தலில் இருந்த கடைசித் தண்ணீரை மயங்கி விழுந்த பொடியன் ஒருவனின் வாயில் ஊற்றியதையும் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்றார் உம்மா.

"சொன்னா நீ ராவைக்குத் தூங்கமாட்டாய்" என்றார் வாப்பா.

"சொல்லாட்டியும் தூங்கல்ல" என்றார் உம்மா.

அன்றிரவு பாய் விரிக்கும்போது உம்மா என்னிடம் கேட்டார்: "மகள், அந்தப் பாட்டுல அவர் திரும்பி வந்தாரா?"

"அது பாட்டுல இல்ல உம்மா. வீட்டுப் பல்லி நல்லதாச் சொல்லுது, இடது கண்ணும் துடிக்குது, அவர் வந்திடுவார் எண்டு அவள் நம்புறதோட முடியுது."

உம்மா சிரித்தார். "பல்லி சொல்றத நாம எடுக்கிறல்ல. அல்லாஹ் நாடினா வருவார்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

வாப்பா இன்னும் வரவில்லை. கடன் குறைந்திருக்கிறது, தீரவில்லை. பாடலிலும் எங்கள் வீட்டிலும் பாலை இன்னும் பாலையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய பேச்சுக்குப் பிறகு பகல் பன்னிரண்டரை மணி அழைப்பில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதும் உம்மா இப்போது, "இண்டைக்கு வெயில் எப்படி?" என்று கேட்கிறார். வாப்பா ஒளிக்காமல் சொல்கிறார். அதைக் கேட்டு முடித்த பிறகுதான் உம்மா, "குஞ்சு பறந்திட்டா?" என்று கேட்கிறார்.

நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.